ரத்தாகி ரத்தாகி நடந்த கூட்டம்

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும், மனிதர்களுக்கும் தேதிகளுக்கும் ஜன்மப் பகை என்பது விளங்கிவிடும். காலண்டர் அக்கா பல வருடங்களாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னிக்குத்தானே வரச் சொன்னீங்க?" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார்.

"நேத்து சார். நேத்து பதினோரு மணி."

"நேத்து வலிக்கலையேம்மா!"

இதற்கு என்ன பதில் சொல்வது? வலிக்கப்போகும் நாளாகப் பார்த்துக் குறித்துக் கொடுக்கும் வசதி அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் வரவில்லை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு நேரம் தருவாள். பல்லைக் கடிக்காதே, தேய்ந்துவிடும் என்று டாக்டர் உள்ளே இருந்து குரல் கொடுப்பார். அவருக்கென்ன, அவர் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு மட்டும் பேசுகிறவர். பதில் பேச அவர்களால் முடியாது.

ஒரு பிறவிக்கு இந்த ஒரு காலண்டரே தாராளம். ஆனால் அக்கா தலையில் இன்னொன்றும் ஏறியது. அது ஏறிய கதையே ஒரு கூத்து.

அவள் தெருக்கோடியில் இருந்த நூலகத்தில், எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யார் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருத்தலாம். பல ஊர்களில், பல நாடுகளில் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராத ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதியது. விடுமுறை நாட்களில் நூலகத்துக்குக் கைகொடுக்கப் போன அக்கா, ஒரு புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதி பிப்ரவரி முப்பது என்று இருப்பதைப் பார்த்தாள். மென்பொருள் அதை முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுதியவர்களைத் தேடிப் பிடித்து ஒரு நீண்ட புகார் அனுப்பினாள். அவர்கள் கோபப்படவில்லை, குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குறை சொல்ல வந்தவரை வேலைக்குப் பிடித்துப் போடுவது அந்தக் கூட்டத்தின் பழக்கம் என்று அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த யோசனையையும் குழுவில் எழுதிப் போடுவார்கள். மூன்று நாள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். அக்கா ஒருமுறை நாத்தனார் வீடு மாறும் வேலையில் மாட்டிக்கொண்டு, பீரோவுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் மூன்று நாள் கிடந்தாள். போனைத் தொடவில்லை. நான்காம் நாள் திறந்து பார்த்தால் வாழ்த்துகள் குவிந்திருந்தன. குழுவின் நிகழ்ச்சிக் காலண்டரை இனி அவள்தான் பார்த்துக்கொள்வாள் என்று யாரோ முன்மொழிய, யாருமே மறுக்கவில்லையாம்.

"நான் எப்ப சரின்னு சொன்னேன்?" என்று கேட்டாள்.

"வேணாம்னு சொல்லலையே அக்கா!"

அன்றிலிருந்து அவள் காலண்டர் அக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

வேலை கேட்பதற்கு எளிது. எங்கே எப்போது யார் கூடுகிறார்கள் என்று பொதுக் காலண்டரில் போடவேண்டும். புதியவர்களுக்கான வகுப்பு, பிழை திருத்தும் நாள், மொழிபெயர்ப்பு நாள், மாதாந்திரப் பேச்சு. ஆனால் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மனிதர்களாயிற்றே. "ஞாயிறு சாயங்காலம்" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். எந்த நாட்டுச் சாயங்காலம் என்று கேட்டால், "எங்க சாயங்காலம்தான்" என்று பதில் வரும். தேதியைப் போட்டு இடத்தை விட்டுவிடுவார்கள். இடத்தைப் போட்டால் அது போன வருடம் இடித்த கட்டடமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம் செத்த கூட்டங்கள். 'புதியவர்களுக்கான புதன்' என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆறு வாரம் நடத்தினார். பிறகு கல்யாணமாகி, இந்த உலகத்தின் மீதே பற்றை விட்டுவிட்டார். காலண்டரில் மட்டும் அந்தப் புதன் வாராவாரம் வந்துகொண்டே இருந்தது. பாவம், புதிதாகச் சேர்ந்த எவராவது குறித்த நேரத்தில் இணைப்பைத் திறந்து, காலி அறையில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் அக்காவுக்குப் புகார் வரும்.

"செத்த கூட்டத்தையெல்லாம் யாராவது அடக்கம் பண்ணித் தொலைங்கப்பா!" என்று அவள் மாதாமாதம் பேச்சில் கத்துவாள்.

அதை ஒருவன் கட்டளையாக எடுத்துக்கொண்டான். அங்கே ஆரம்பித்தது வினை.

அவனைத் தாடி என்பார்கள். அவனுடைய புகைப்படத்தில் தாடியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நல்ல பிள்ளை. தொந்தரவே அதுதான். ஒரு வாய் தண்ணீர் கேட்டால், கேட்டவர் விக்கிக்கொண்டு நிற்க, கிணறு தோண்டப் போகிற ரகம். வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு பரிசு பண்ணியிருக்கேன். பேரு துடைப்பம். காலண்டர்ல இருக்கற ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நடத்தறவங்களுக்கு மெயில் போகும். 'நடக்குது'ன்னு ஒரு பட்டன் அழுத்தணும். அழுத்தலைன்னா துடைப்பமே ரத்து பண்ணி, பேர் குடுத்தவங்க எல்லாருக்கும் சொல்லிடும். மணிக்கு ஒரு தடவை பெருக்கும்!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாடி."

"பரிசை யாராவது கேட்டுட்டுக் குடுப்பாங்களா அக்கா? இனிமே நிம்மதியாத் தூங்குங்க. நான் காலைல மலையேறக் கிளம்பறேன். அங்க சிக்னல் கிடைக்காது. திங்கக்கிழமை பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை. வரவேற்பறையில் ஐந்தாறு பேர் கன்னத்தைப் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் போன் அடித்தது. பக்கத்து ஊர் நூலகர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் அம்மாள். பதற்றம் வந்தால் குரல் சன்னமாகிவிடும். அன்றைக்கு அது ஊசிக் காதில் நுழைகிற அளவுக்கு இருந்தது.

"ஏம்மா, நாளைக்குக் கூட்டம் ரத்துன்னு வந்திருக்கே? நான் ரத்து பண்ணலையே!"

நாளைய கூட்டம் அரட்டை அடிக்கிற கூட்டம் அல்ல. அந்த நூலகம் முன்பு விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் நின்றுபோய் மாதக்கணக்காகிறது. விற்ற கம்பெனி எப்போதோ போனை எடுப்பதை நிறுத்திவிட்டது. நூலகக் குழுத் தலைவர் இன்னொரு கம்பெனியைப் பிடித்து வைத்திருந்தார். அவர்கள் புத்தகத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறவர்கள். அப்படியானால் குழந்தைகள் பிரிவில் இருக்கும் கிழிசல்களுக்கெல்லாம் எதற்குத் தண்டம், அந்த அறையைக் காலி செய்து ஆபீஸ் ஆக்கிவிடலாம் என்பது தலைவரின் கணக்கு. நூலகர் மன்றாடி ஒரு சனிக்கிழமை வாங்கியிருந்தார். ஒரே நாளில், நூலகம் மூடுவதற்குள், குழந்தைகள் பிரிவு முழுவதையும் இந்த இலவச மென்பொருளில் ஏற்றிக் காட்டினால் அறை பிழைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கம்பெனியோடு கையெழுத்து.

தனி ஆளால் ஆகிற காரியமில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து தட்ட ஒரு பட்டாளம் வேண்டும். அதற்காகத்தான் அக்கா காலண்டரில் போட்டாள். நாற்பது பேருக்குக் குறையாமல் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"மேடம், நேத்து உங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்குமே. 'நடக்குது'ன்னு பட்டன் இருந்திருக்கும்."

"வந்துச்சு. துடைப்பம்னு யாரோ அனுப்பியிருந்தாங்க. துடைப்பம்கிற பேர்ல ஒரு மெயில் வந்தா நீயா இருந்தா அழுத்துவியா? தெரியாத இடத்துல இருந்து வர்ற எதையும் அழுத்தாதீங்கன்னு இங்க வாசல்லயே நான்தான் எழுதி ஒட்டியிருக்கேன்."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அவர் இடத்தில் அக்காவே இருந்தாலும் அழுத்தியிருக்க மாட்டாள். ரத்தான பிறகு அந்தப் பட்டனும் செத்துவிட்டது.

"நீங்க கவலைப்படாதீங்க மேடம். நான் திரும்பப் போட்டுடறேன்."

போட்டாள். 'ரத்து நீக்கம், நிகழ்ச்சி நடைபெறும்' என்று எல்லோருக்கும் மெயில் போயிற்று. அப்பாடா என்று தண்ணீர் குடித்தாள். ஒருவருக்குப் பல் எடுத்து முடிப்பதற்குள் மணி அடித்தது. துடைப்பம் பெருக்க வந்தது. நூலகர் பட்டனை அழுத்தவில்லையே! 'நிகழ்ச்சி ரத்து' என்று எல்லோருக்கும் மெயில் போயிற்று.

அக்கா மறுபடி போட்டாள். அடுத்த மணிக்குத் துடைப்பம் மறுபடி துடைத்தது.

அவள் போட, அது எடுக்க, மத்தியானத்துக்குள் பெயர் கொடுத்தவர்கள் தலையில் மெயில் மழை. நடக்கிறது, ரத்து, நடக்கிறது, ரத்து. நூலகர் மறுபடி கூப்பிட்டார். இப்போது குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"தலைவரும் பேர் குடுத்து வச்சிருந்தாரும்மா, யார் யார் வர்றாங்கன்னு பார்க்க. அவருக்கும் எல்லா மெயிலும் போயிருக்கு. என் ரூமுக்கு வந்து, 'நாளைக்குக் கூட்டம் இருக்கா இல்லையான்னு உங்க மென்பொருளுக்கே தெரியலை, அதை நம்பி நூலகத்தைக் குடுக்கச் சொல்றீங்களா'ன்னு சிரிக்கறாரு."

அக்கா போனை வைத்துவிட்டு, தாடிக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலை உச்சியில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருப்பான். வாங்கட்டும். அடுத்துச் சட்டத்துக்கு அடித்தாள். சட்டம் என்பது ஒரு ஆளின் பட்டப்பெயர். எங்கோ வரி ஆலோசகராக இருக்கிறார். குழுவின் விதிகளை எழுதியவர், தினமும் படிக்கிறவர், அவற்றோடு குடும்பம் நடத்துகிறவர். துடைப்பத்துக்கு அனுமதி கொடுத்தவர்கள் இரண்டு பேர்தான், தாடியும் இவரும்.

"துடைப்பத்தை நிறுத்துங்க சார். நாளைக்கு ஒரு கூட்டமே நாசமாப் போகுது."

"புரியுது அக்கா. எனக்கும் வருத்தமா இருக்கு. ஆனா ஓடிக்கிட்டிருக்கற நிரலை நிறுத்த ரெண்டு ஓட்டு வேணும். என் ஓட்டை இப்பவே போட்டுட்டேன்."

"இன்னொண்ணு?"

"தாடியோடது."

"அவன் மலைல இருக்கான்!"

"அப்ப மூணு நாள் அறிவிப்பு. யாரும் மறுக்கலைன்னா நிறுத்திடலாம்."

"நாளைக்குக் கூட்டம் சார்."

"அதான் வருத்தமா இருக்குன்னேன்."

"என் ஓட்டை எடுத்துக்கங்க."

"உங்களுக்குக் காலண்டர்லதானே உரிமை? நிரல்ல கை வைக்க முடியாதே."

"காலண்டரைத்தான் சார் அது பெருக்கித் தள்ளுது!"

"புது நிகழ்ச்சியாப் போட்டுப் பாருங்களேன். நடத்தறவங்கன்னு உங்க பேரையே போட்டுக்கிட்டு."

"போடலாமா?"

"தாராளமா. மூணு நாள் மறுப்பு வராம இருக்கணும், அவ்வளவுதான்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே ஒரு நொடி பார்த்தாள். பிறகு மறுபடி காதில் வைத்தாள். "சரி, பேர் குடுத்தவங்களோட மெயில் முகவரியாவது தாங்க. நானே தனித்தனியா எழுதிக்கறேன்."

"அந்தரங்கப் பாதுகாப்பு விதி அக்கா. முகவரியை மனுஷங்க யாரும் பார்க்கக் கூடாது."

"பின்ன யார் பார்க்கலாம்?"

சட்டம் கொஞ்சம் தயங்கினார். "துடைப்பம் பார்க்கலாம்."

வாயைத் திறந்தபடி உள்ளே படுத்திருந்த நோயாளிக்குக்கூடக் கேட்கும்படி அக்கா மேசையில் ஒரு அறை விட்டாள். டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, யாருக்காவது வலிக்குதா?"

"எனக்குத்தான் டாக்டர். நாளைக்கு லீவு வேணும்."

சாயங்காலம் வீடு. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளில் தொங்கிவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டிருந்தார். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றும்போதே போனில் மணிக்கான மெயில் வந்து விழுந்தது. ரத்து.

"இவ போனுக்கு என்னடா ஆச்சு? கோயில் மணி மாதிரி மணிக்கு மணி அடிக்குது" என்றாள் மாமியார்.

"அதும்மா, இவ கூட்டம் போடுவா. ஒரு மெஷின் வந்து எடுத்துடும். திரும்பப் போடுவா. இன்னிக்குப் பூரா அதான் வேலை."

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நாள் குறிச்சுக் குடுக்கறா. நம்ம குழாய்காரனை வரச் சொல்லுன்னு நான் சொல்லி எத்தனை நாளாச்சு? சொட்டு சொட்டா ஒழுகுது."

"அத்தை, குழாய்காரன் வர்றேன்னான், வரலை. அதுக்கும் நானா பொறுப்பு?"

"நீதானே காலண்டரு?"

கணவர் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே அன்றைய மெயில்களை வரிசையாகத் திறந்து பார்த்தாள். எத்தனை தடவை படித்தாலும் அதே ஒரு வரிதான். 'ரத்து: குழந்தைகள் பிரிவுப் பதிவு நாள்.' துடைப்பத்துக்குச் சொந்தமாகத் தெரிந்தது 'ரத்து' என்ற ஒரு சொல் மட்டும். மிச்சத்தை அவள் காலண்டரில் எழுதிய தலைப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் எழுதிய தலைப்பு.

"ஏங்க, ஒருத்தன் நான் என்ன எழுதினாலும் ஊர் பூரா கொண்டுபோய்க் குடுப்பான். ஆனா முன்னாடி பொய்னு ஒரு வார்த்தை சேர்த்துத்தான் குடுப்பான். அவன்கிட்ட என்ன எழுதிக் குடுக்கலாம்?"

கணவர் துண்டில் கையைத் துடைத்தபடி யோசித்தார். "குடுக்கறவனை நம்பாதேன்னு எழுதிக் குடு."

தலைப்பை மாற்ற யாருடைய ஓட்டும் வேண்டாம். அவள் உட்கார்ந்து மாற்றினாள். தலைப்புக்கு இடம் கொஞ்சம்தான். பல் ஆஸ்பத்திரி அட்டையில் எழுதுகிற மாதிரி சுருக்கி எழுதினாள். பிறகு நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மணி ஆனதும் துடைப்பம் கடமை தவறாமல் வந்து, கூட்டத்தை ரத்து செய்து, பெயர் கொடுத்த ஒருவர் விடாமல் அறிவித்தது:

'ரத்து: கூட்டம் உண்டு. ரத்துன்னு வந்தா நம்பாதீங்க. காலைல வந்துடுங்க. காலண்டர் அக்கா.'

ஐந்து நிமிடத்தில் சட்டம் கூப்பிட்டார். "அக்கா, தலைப்புல இடம், நாள், பொருள் மூணும் இருக்கணும்னு விதி. நீங்க போட்டிருக்கறது தலைப்பே இல்லை."

"மறுப்புத் தெரிவிக்கறீங்களா சார்?"

"ஆமா."

"எழுதிப் போடுங்க. மூணு நாள்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை முதல் பஸ். நூலகம் பழைய தபால் ஆபீஸ் கட்டடம். குழந்தைகள் அறை பின்பக்கம். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கைரேகைகள். அலமாரிகள் அக்காவின் இடுப்புக்கு மேல் வராதவை. நூலகர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்துவிட்டு, மின்சார நீட்டிப்புப் பெட்டிகளை எண்ணியதையே மறுபடி எண்ணிக்கொண்டு நின்றார். தலைவர் வாசலருகே ஒரு நாற்காலியில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த வழவழப்புத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

யாரும் வரவில்லை. நேரம் போயிற்று. தலைவர் கடிகாரத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"நாம வேணா ஆரம்பிக்கலாமா மேடம்?" என்று அக்கா நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அப்போது ஒரு பெண் தோளில் பையோடு எட்டிப் பார்த்தாள். "இங்கதானே ரத்தான கூட்டம்?"

அவள் பின்னால் இரண்டு பேர். அப்புறம் நான்கைந்து கல்லூரிப் பெண்கள். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மனைவியையும் கூட்டிக்கொண்டு. "இவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா இத்தனை மெயில் போட்டு அடிச்சுக்கறாங்களே, என்னதான் நடக்குதுன்னு பார்க்கணும்னா. கூட்டிட்டு வந்துட்டேன்." பெயரே கொடுக்காத சிலரும் வந்தார்கள். பெயர் கொடுத்ததில் பாதிப் பேர் வரவில்லை. அவர்கள் கடைசியாகப் படித்தது எந்த மெயிலோ, யார் கண்டது.

வேலை சூடு பிடித்தது. ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க, ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட, பேங்க்காரரின் மனைவி புத்தக முதுகில் எண் ஒட்ட, அறை சந்தைக்கடையானது. ஒரு அலமாரி முடிந்தது. நூலகரின் குரல் கொஞ்சம் தடித்தது. அக்காவும் முழுதாகப் பத்துப் புத்தகம் தட்டியிருப்பாள்.

மணி ஆனது. அறையில் இருந்த எல்லா போனும் ஒரே நேரத்தில் கத்தின. 'ரத்து.' எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கணம் சிரிப்பு நின்றது. எல்லாத் திரைகளும் கதவைச் சாத்திக்கொண்டு, பயனர் பெயரைக் கேட்டன. விருந்தாளிகளாக வந்தவர்களுக்குக் கொடுத்த கணக்குகள் கூட்டம் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். கூட்டம் ரத்து என்றால் கணக்கும் ரத்து.

"அடப்பாவி தாடி!" என்று அக்கா வாய்விட்டே சொன்னாள்.

போனை எடுத்து நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டாள். போன்கள் மறுபடி கத்தின. திரைகள் திறந்துகொண்டன. தட்டிக்கொண்டிருந்த கடைசிப் புத்தகம் மட்டும் ஆளுக்கு ஒன்று காணாமல் போயிருந்தது. அதை மறுபடி தட்டவேண்டும்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு மணிக்கும் முன்னால், "எல்லாரும் சேமிச்சுக்கங்க, வரப்போகுது!" என்று கத்துவாள். துடைப்பம் பெருக்கிவிட்டுப் போகும். இவள் திரும்பப் போடுவாள். அலமாரியைத் தொட நேரமில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஒரு கையில் போனோடுதான் சாப்பிட்டாள். ஒருதரம் பேச்சு சுவாரசியத்தில் அவள் மறந்துபோக, அறை மொத்தமும் "அக்கா!" என்று அலறியது. பல் ஆஸ்பத்திரியில்கூட அப்படி ஒரு அலறல் கேட்டதில்லை.

தலைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பெருக்கலில் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, நீங்க இதுக்குச் சம்பளம் வாங்கறீங்களா?"

"இல்லை சார்."

"அந்தத் துடைப்பத்தைப் பண்ணவன்?"

"அவனும் இல்லை."

"பின்ன ஏன் இப்படி மல்லுக்கட்டறீங்க?"

"வேணாம்னு சொல்ல மறந்துட்டேன் சார். தள்ளுங்க, மணியாகப் போகுது."

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. மூடுகிற நேரம் வந்தபோது அலமாரிகள் முடிந்திருந்தன, மூலையில் ஒரு குவியல் தவிர. அட்டை போன, முதல் பக்கம் போன, பெயரே தெரியாத புத்தகங்கள். அவற்றை எப்படி ஏற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. முழுப் பிரிவும் என்பதுதான் பேச்சு. நூலகர் அந்தக் குவியல் முன்னால், அதை மறைக்கிற மாதிரி நின்றார்.

தலைவர் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் குவியலைப் பார்த்தார். கையிலிருந்த வழவழப்புத் தாளை நான்காக மடித்தார்.

"இது பாக்கி இருக்கு."

"ஆமா சார்" என்றார் நூலகர். இப்போது அவர் குரல் சன்னமாகவில்லை. "பாக்கி இருக்கு. நான் திங்கக்கிழமை முடிச்சுடுவேன்."

"உங்க மென்பொருள் மாதிரி ஒரு பைத்தியக்கார மென்பொருளை நான் பார்த்ததில்லை" என்றார் தலைவர் அக்காவிடம். "மணிக்கு ஒருதரம் தன் தலையிலயே மண்ணை வாரிப் போட்டுக்குது."

"நீங்க சொல்றது சரிதான் சார்." அவளுக்கு வாதாடத் தெம்பில்லை.

"பழைய கம்பெனிக்கு எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன் தெரியுமா? பாட்டுப் போடுவான். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்பான். திட்டறதுக்குக்கூட ஒரு ஆள் கிடைக்கலை. இங்க ஒவ்வொரு தடவை கெட்டுப்போறப்பவும், அதைத் திட்டிக்கிட்டே சரி பண்ண ஒரு ஆள் எதிர்லயே உட்கார்ந்திருக்கு. புதுக் கம்பெனிக்காரன் யாரை அனுப்புவான், சொல்லுங்க?"

அக்கா போனைக் கையில் எடுத்தாள். மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

"உங்க நம்பரைச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

அவள் கை அந்தரத்தில் நின்றது. நூலகர் அவளைப் பார்த்தார். சுவரின் அடியில் இருந்த கைரேகைகளையும் பார்த்தார். அப்படி ஒருவர் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பதற்கு எந்த விதியிலும் மூன்று நாள் அவகாசம் கிடையாது. அக்கா நம்பரைச் சொன்னாள்.

தலைவர் விரலால் தேடித் தேடி அழுத்தினார். "பேர் என்னன்னு போட? சரி, மென்பொருள்னு போட்டுக்கறேன். அப்பதான் ஞாபகம் இருக்கும்." பிறகு நூலகர் பக்கம் திரும்பினார். "அம்மா, அறை இருக்கட்டும். கம்பெனிக்காரன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

நூலகர் பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது குழந்தைகளுக்கானது. எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அக்கா பஸ் ஏறினாள். ஜன்னலோரம் கிடைத்தது. கண்ணை மூடி, கூட்டம் முடிந்துவிட்டது, இனி துடைப்பம் என்ன பெருக்கினாலும் பெருக்கிக்கொள்ளட்டும் என்று காலை நீட்டினாள். பஸ் தெருமுனையைத் தாண்டவில்லை, போன் அடித்தது. புது நம்பர்.

"ஹலோ, மென்பொருளா?"

அவள் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டாள். "சொல்லுங்க சார்."

"அந்தக் குவியல்ல ஒண்ணு எடுத்தேன். அட்டையும் இல்லை, பேரும் இல்லை. உள்ள பூரா படம். ஒரு கரடி மரத்துல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கு. இதை என்னன்னு ஏத்தறது?"

"அழும் கரடின்னு போடுங்க."

"நூலகரம்மா இது கரடியே இல்லைங்கறாங்க. குரங்காம்."

பின்னணியில் நூலகரின் குரல் நன்றாகவே கேட்டது. பேங்க்காரரின் மனைவி நாய் என்றாள். இன்னும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது.

"சார், வால் இருக்கா பாருங்க" என்றாள் அக்கா.

"அந்தப் பக்கத்தைத்தான் எவனோ கிழிச்சுட்டானே!"

"அப்ப மூணையும் போடுங்க. எந்தக் குழந்தை எதைக் கேட்டு வந்தாலும் கிடைக்கட்டும். மூணு தலைப்பும் போடறதுக்கு இடம் இருக்கு, கீழே ரெண்டாவது கட்டத்தைப் பாருங்க. ரெண்டாவது சார். அது இல்லை, அதுக்கும் கீழே..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவளை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.